ஏழாவது மாலையில் கள்ளன்

கையால் செய்து கற்பது எப்படி என்று கத்தரிக்கோல் மேடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எழுதிக்கோங்க. குழந்தைகள் பொருள்களைத் தொட்டு, தூக்கி, அடுக்கி, கலைத்துக் கற்க வேண்டும். முற்றுப்புள்ளி. தொட்டுங்கிற இடத்துல அடிக்கோடு.”

முப்பத்திரண்டு பயிற்சி மாணவர்களும் குனிந்து அடிக்கோடு போட்டார்கள். தொடுவதற்கு அந்த அறையில் நோட்டும் பேனாவும் தவிர வேறொன்றும் கிடையாது. தொடக்கூடியவை எல்லாம் பின்சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி மேடத்தின் கழுத்தில், சிவப்பு நாடாவில், அந்தப் பேர்போன கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் தொங்கியது. சார்ட் வெட்டத்தான் கத்தரிக்கோல். ஆனால் அவள் சார்ட் வெட்டி யாரும் பார்த்ததில்லை; மார்க் வெட்டித்தான் பார்த்திருக்கிறார்கள்.

“ரெண்டு மாசமா எழுதி எழுதி என் கை மட்டும்தான் செஞ்சு கத்துக்குது,” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பசை முணுமுணுத்தான். எந்நேரமும் பத்து விரலிலும் பசையோடு திரிவதால் வந்த பெயர். ஒரு முறை வருகைப்பதிவேடே அவன் முழங்கையில் ஒட்டிக்கொண்டு அவன் வீடு வரை போய் வந்திருக்கிறது.

சின்னவள் சிரிக்கவில்லை. அவள் கண் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்தது. பச்சைத் துணிமேல் பத்து மணிமாலைகள். சிவப்பில் பத்து, வெள்ளையில் பத்து என்று மாறி மாறி, ஒவ்வொரு மாலைக்கும் நூறு மணி. முன்னால் ஓர் அட்டை: ‘கற்பித்தல் கருவிக் கண்காட்சி, முதல் பரிசு. உருவாக்கியவர்’ என்று எழுதி, கீழே மேடத்தின் பெயர், பட்டங்களோடு இரண்டு வரிக்கு.

அந்த மாலைகளைச் செய்தது சின்னவளின் அக்கா.

வீட்டில் இரண்டே பிள்ளைகள், பெரியவளும் சின்னவளும். ஏழு வருஷத்துக்கு முன் பெரியவள் இதே அறையில் ஆசிரியப் பயிற்சி படித்தாள். கடைசி வருஷச் செய்முறைத் தேர்வுக்காக அந்த மாலைகளைச் செய்தாள். எழுதித் தீர்ந்த நோட்டுத்தாளை நீள முக்கோணமாகக் கீற வேண்டும். அதைத் தையல் ஊசியில் இறுக்கிச் சுற்றி, நுனியை மாவுப் பசையால் ஒட்டி, ஊசியை உருவினால் ஒரு மணி. சிவப்புக்குச் சாயம்; வெள்ளைக்கு வெறும் தாள். ஆயிரம் மணிக்கு நாற்பது நாள் பிடித்தது. அம்மா தாள் கீறித் தந்தாள். சின்னவள் கோத்தாள்.

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மேடம் வாங்கி வைத்துக்கொண்டாள். முடிவு வந்தபோது செய்முறைக்கு நேரே ‘கருவி ஒப்படைக்கவில்லை’ என்று இருந்தது. பெரியவள் மூன்று நாள் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் மேடம் வெளியே வந்து, “ஏம்மா, குடுத்ததுக்கு எங்கிட்ட கையெழுத்து வாங்கினியா? இல்லல்ல? அப்புறம் எதுக்குச் சும்மா வந்து நிக்கிற?” என்று கேட்டாள். வாங்கவில்லைதான். சொல்லித்தரும் டீச்சரிடம் போய் யார் கையெழுத்துக் கேட்பார்கள்?

அடுத்த வருஷம் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷம் பெரியவள் இல்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் எட்டாம் நாள் மூளைக்கு ஏறிவிட்டது. காய்ச்சலுக்கும் மேடத்துக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொல்வாள். சின்னவளைப் பொறுத்தவரை இருந்தது. காய்ச்சலை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. மேடத்தைச் செய்ய முடியும்.

பரிசு மேடையில் மாலைகளோடு நின்ற மேடத்தின் படம் செய்தித்தாளில் வந்தபோது, சின்னவள் அதை வெட்டிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கல்லூரி முடிந்ததும், “நானும் டீச்சருக்குத்தான் படிக்கப் போறேம்மா,” என்றாள். அக்காவின் ஆசையை நிறைவேற்றப் போகிறாள் என்று அம்மா கண் கலங்கினாள். சின்னவள் அதைத் திருத்தவில்லை. சேர்க்கை நாளன்று மேடம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தலையை ஒழுங்காப் பின்னிட்டு வா,” என்று மட்டும் சொன்னாள். பெரியவளின் மூக்கும் நெற்றியும் அப்படியே சின்னவளுக்கு. மேடத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த முகத்தை அவள் மறந்தே போயிருந்தாள். அதற்கும் சேர்த்துச் சின்னவள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

மேடத்துக்குத் தெரியாத ஒன்று அந்த மாலைகளுக்குள் இருந்தது.

சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே கணக்கு என்றால் வேப்பங்காய். மாலையைக் கையில் கொடுத்தால் எண்ணவே மாட்டாள். நிறம் மாறுவதைப் பார்த்து, பத்து, பத்து என்று அடித்துவிடுவாள். அதற்காகவே பெரியவள் ஒரு விளையாட்டு வைத்தாள். ஏதாவது ஒரு மாலையில், நான்காவது பத்தில், ஒரு மணியைக் கூட்டிக் கோத்துவிடுவாள். அதற்குப் பெயர் கள்ளன்.

“கலரைப் பாத்துச் சொல்றியா, எண்ணிப் பாத்துச் சொல்றியா? உள்ள ஒரு கள்ளன் இருக்கான்டி. புடி.”

“ஏன்க்கா எப்பவும் நாலாவது பத்துலயே வைக்கிற?”

“முதல் மூணையும் எல்லாரும் எண்ணுவாங்க. அதுக்கப்புறம் நம்பிடுவாங்க. நம்புற இடத்துலதான் கள்ளன் உக்காருவான்.”

தேர்வுக்கான மாலைகளிலும் ஒரு கள்ளனை வைத்திருந்தாள். தேர்வில் அதை விளக்கிச் சொல்லி, டீச்சர் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று குழந்தை நம்பிவிடக் கூடாது என்று முடிக்க நினைத்திருந்தாள். சொல்ல வாய்ப்பே வரவில்லை.

அந்தக் கள்ளன் எதில் செய்தது என்பது சின்னவளுக்கு மட்டும் தெரியும். எட்டாம் வகுப்பில் கணக்குக்கு அவள் வாங்கியது நூற்றுக்குப் பதினாறு. விடைத்தாளை அம்மா கண்ணில் படாமல் எங்கே ஒளிப்பது என்று அழுதுகொண்டு நின்றபோது, பெரியவள் அதை வாங்கி, பெயரும் மதிப்பெண்ணும் இருந்த மேல்பகுதியைக் கீறி, ஊசியில் சுற்றி ஒட்டிவிட்டாள். “இனிமே யாரு கண்டுபிடிப்பா? போய்ப் படி, கழுதை.” அம்மாவுக்கு இன்று வரை அந்தப் பதினாறு தெரியாது.

மூன்றாம் மாதம் பயிற்சி மாணவர்களைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பினார்கள். சின்னவளுக்கு இரண்டாம் வகுப்பு. முதல் நாள் பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டுவதற்கு ரப்பர் பேண்டு கொடுத்தாள். ஐந்தே நிமிஷத்தில் அத்தனை ரப்பர் பேண்டும் பறந்து மின்விசிறியில் நான்கு, அவள் கொண்டையில் இரண்டு. மறுநாள் விதைகள் கொடுத்தாள். ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டான். இன்னொருத்தி பெஞ்சின் ஓட்டையில் விதைத்துத் தண்ணீரும் ஊற்றினாள். மூன்றாம் நாள் தராசு: துணி மாட்டும் கொக்கியில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. கனமான பக்கம் எது என்று கேட்டால், “நான் உக்காந்திருக்கிற பக்கம்,” என்றது ஒரு குண்டுப் பையன். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்ட ஒன்றும் உதவவில்லை. ஆனால் வாரம் போகப்போக எந்தக் கை எப்படி வேலை செய்யும் என்று அவளுக்குப் பிடிபட்டது.

அந்த வகுப்பில் ஒரு சிறுமிக்கு ஆமை என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயரை வகுப்பு டீச்சரும் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். மற்றவர்கள் விடை சொல்லி, சண்டை போட்டு, சமாதானமாகி முடித்தபிறகும் ஆமை ஒவ்வொரு விதையாகத் தொட்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் எண்ணியது ஒரு நாளும் தப்பியதில்லை. அவள் முடிக்கும்வரை யாரும் காத்திருந்ததில்லை, அவ்வளவுதான். சின்னவள் காத்திருக்க ஆரம்பித்தாள். ஆமை அவளிடம் ஒட்டிக்கொண்டாள்.

விதையைத் தொட்டு எண்ணும் அந்த விரலைப் பார்த்தபோதுதான் சின்னவளுக்குத் திட்டம் முழுசாக விளங்கியது.

மாத முடிவில் துறையிலிருந்து ஓர் அதிகாரி வகுப்புகளைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. சின்னவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். அக்கா நின்ற அதே வாசல்.

“மேடம், உள்ள வரலாமா?”

“என்ன?”

“அதிகாரி வர்ற அன்னிக்கு எனக்குப் பத்துகளா எண்ணுற பாடம் மேடம். நான் கட்டின குச்சியெல்லாம் கோணலும் மாணலுமா இருக்கு. உங்க பரிசு மாலை அலமாரியில சும்மா கிடக்கேன்னு தோணுச்சு. அதக் குழந்தைங்க கையில குடுத்து, நீங்களே நடத்திக் காட்டினா அதிகாரி அசந்து போயிடுவார் மேடம்.”

மேடம் பேனாவை மூடினாள். “அதெல்லாம் விலை மதிக்க முடியாத பொருள். கண்ட கையில குடுக்க முடியுமா?”

“நான் பக்கத்துலயே நிப்பேன் மேடம். தூசி தட்டி, துடைச்சு, திரும்ப நானே அடுக்கி வச்சிடுறேன்.”

புகழ்ச்சி மேடத்துக்குச் சூடான காப்பி மாதிரி. ஊதி ஊதிக் குடித்தாள். கழுத்திலிருந்து சாவி கழன்றது.

தூசி தட்டும் சாக்கில் பத்து மாலைகளையும் சின்னவள் எண்ணினாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் விரல் பட்ட பொருள் அவள் விரலில் பட்டது. கண் கரித்தது. எண்ணிக்கை தப்பிவிடுமே என்று அழாமல் எண்ணினாள். ஏழாவது மாலை, நான்காவது பத்து. வெள்ளை. பதினொன்று.

கள்ளன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஏழு வருஷமாக எந்தக் குழந்தையின் கையும் அந்த மாலைகளைத் தொட்டிருக்கவில்லை.

அதிகாரி ஒல்லியான மனிதர். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பின்னால் பயிற்சி மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். மேடம் பட்டுச்சேலையில், கத்தரிக்கோலோடு, கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். சின்னவள் மாலைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளிடம் கொடுத்துக்கொண்டு போனாள். ஏழாவதை ஆமையின் கையில் வைத்தாள்.

“நீ எப்பவும் எண்ணுற மாதிரி எண்ணு,” என்றாள். ஆமை தலையாட்டினாள்.

“குழந்தைகளே! ஒவ்வொரு நிறத்துலயும் எத்தனை மணி? எண்ணிச் சொல்லுங்க பாப்போம்!”

“பத்து மேடம்!” மாலை வாங்கிய மற்ற ஒன்பது பேரும் கத்தினார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

ஆமையின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதிகாரி கழுத்தை நீட்டினார். “அந்தப் பாப்பா இன்னும் எண்ணுது போல இருக்கே.”

“சொல்லும்மா, எத்தனை?” மேடம் குனிந்தாள்.

“இதுல பத்து. இதுல பத்து. இதுல பத்து.” ஆமை மூச்சு வாங்கிக்கொண்டாள். “இதுல பதினொண்ணு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“சரியா எண்ணு.”

ஆமை மறுபடி எண்ணினாள். “பதினொண்ணு.”

“கொஞ்சம் மந்தம் சார்,” என்று மேடம் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஆமையின் மணிக்கட்டைப் பிடித்து, விரலை மணிமேல் வைத்து அழுத்தி, தானே நகர்த்தினாள். ஒரு மணியைத் தாண்டித் தள்ளினாள். “எட்டு, ஒம்பது, பத்து. இப்ப சொல்லு. எத்தனை?”

ஆமை நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் சின்னவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேடத்தின் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை கண்ணியை இழுக்கக் கூடாது. அவள் கண்ணைத் திருப்பிச் சுவரில் இருந்த விலங்குகள் சார்ட்டைப் பார்த்தாள்.

“பத்து,” என்றாள் ஆமை.

“அப்படிச் சொல்லு!” மேடம் நிமிர்ந்தாள். “இந்த மாலை ஒவ்வொண்ணும் நானே என் கையால சுத்தி, நானே எண்ணிக் கோத்தது சார். தப்பு வர வழியே இல்ல.”

அதுதான் அந்த வாக்கியம்.

“சார்,” என்றாள் சின்னவள். “அந்தப் பாப்பா சரியாத்தான் எண்ணுச்சு. நீங்க ஒரு தடவை எண்ணிப் பாருங்க.”

அதிகாரி எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். “பதினொண்ணு இருக்கேம்மா,” என்றார்.

மேடம் சட்டென்று சமாளித்தாள். “கோக்கும்போது ஒண்ணு கூடப் போயிருக்கும் சார். ஆயிரம் மணியில ஒண்ணு.”

“கூடப் போகல மேடம். வேணும்னு வச்சது. எதுக்கு வச்சீங்கன்னு சொல்லுங்க.”

“ஏய், யாருகிட்டப் பேசுறன்னு தெரியுதா?”

“எல்லா மணியையும் நீங்கதான சுத்தினீங்க? அந்த ஒரு மணிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க மேடம். நான் வெளியே போயிடுறேன்.”

சின்னவள் கையை நீட்டி, மேடத்தின் மார்பில் தொங்கிய கத்தரிக்கோலை நாடாவோடு இழுத்துப் பிடித்து, நூலை வெட்டினாள். மேடம் அந்த நாடாவின் மறுமுனையில் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. மணிகள் தரையெங்கும் உருண்டன. பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் பாய்ந்தார்கள். சின்னவள் பதினொன்றாவதாக இருந்த அந்த ஒரு மணியை மட்டும் நழுவவிடாமல் பிடித்து, தண்ணீர் பாட்டிலின் மூடியில் நனைத்து, பசை இளகியதும் நகத்தால் நீவிப் பிரித்தாள். அதிகாரி வாங்கி உரக்கப் படித்தார். பெயர். எட்டாம் வகுப்பு. கணக்கு. நூற்றுக்குப் பதினாறு.

“இது யாரு?”

“நான்தான் சார்.”

“எட்டாம் வகுப்புல பதினாறா?”

“ஆமா சார்.”

“இப்பக் கணக்கு சொல்லித்தரப் போற?”

“ஆமா சார்.”

பின்வரிசையில் பசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சின்னவள் அக்காவைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாக, குரல் உயர்த்தாமல், வருஷத்தோடும் தேதியோடும். ஏழு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகியது.

“பொய் சார்!” மேடத்தின் முகம் சாயம் போயிருந்தது. “நேத்து இவதான் தூசி தட்டினா. இவளே ஒண்ணைச் செஞ்சு கோத்துவிட்டிருக்கா!”

அது நடந்திருக்கக்கூடியதுதான். அதிகாரி சின்னவளைப் பார்த்த பார்வையில் சந்தேகம் வந்தது. அவள் யோசிக்காமல் சொன்னாள்: “அப்ப இன்னொண்ணைப் பிரிங்க சார். எது வேணாலும்.”

அதிகாரி வேறொரு மாலையிலிருந்து ஒரு வெள்ளை மணியைத் தேர்ந்து, நூலில் இருந்தபடியே நனைத்துப் பிரிக்கச் சொன்னார். தாள் பழுப்பேறியிருந்தது. நீள நீளமாக, நிதானமான கையெழுத்து. அவர் படித்தார்: “‘...தொட்டு, தூக்கி, அடுக்கி, கலைத்துக் கற்க...’ தொட்டுங்கிறதுக்குக் கீழே அடிக்கோடு.”

முப்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே வாக்கியம், அதே அடிக்கோடு, எல்லோர் நோட்டிலும் இருந்தது.

தாளின் கீழோரத்தில் சிவப்பு மையில் ‘பார்வையிடப்பட்டது’ என்று ஒரு சுருக்கொப்பமும் தேதியும். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஒவ்வொரு மாணவரின் பாடக்குறிப்பிலும் பக்கத்துக்குப் பக்கம் மேடம் போடும் அதே கொக்கிக் கையெழுத்து.

இது சின்னவளின் திட்டத்தில் இல்லாதது. அக்கா தன் பாடக்குறிப்பு நோட்டைத்தான் கிழித்துச் சுற்றினாள் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

“மேடம்,” என்றாள். “எங்கக்கா உங்ககிட்ட கையெழுத்து வாங்கித்தான் வச்சிருந்தா.”

மேடத்துக்கு அப்போதுதான் அந்த மூக்கும் நெற்றியும் அடையாளம் தெரிந்தது. தெரிந்ததைச் சின்னவள் பார்த்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரை பார்த்தாள். அதற்காகத்தானே வந்தாள்.

அதிகாரி மாலைகளைப் பச்சைத் துணியோடு கட்டி எடுத்துக்கொண்டார். அலமாரி அட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். மேடத்தைத் தலைமையாசிரியர் அறைக்கு வரச் சொன்னார். அவள் நடந்துபோனபோது கழுத்து நாடாவில் சாவி இல்லை; கத்தரிக்கோல் மட்டும் ஆடியது. பின்னாளில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று பசை வந்து வந்து சொன்னான்: பரிசு போனது, பதவி போனது, வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். சின்னவள் ஒவ்வொரு முறையும் முழுதாகக் கேட்டாள். ஒரு நாளும் ஐயோ பாவம் என்று தோன்றியதில்லை.

ஆனால் அன்று வகுப்பு காலியான பிறகும் ஆமை போகவில்லை. பாவாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டு வந்து, தரையில் சிதறிய மணிகளை மேசைமேல் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். மணி அடித்தது. சின்னவள் காத்திருந்தாள்.

“நூறுதான் இருக்கு டீச்சர். ஒண்ணைக் காணோம்.”

சின்னவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது அந்தத் தாள். “இதுதான் அது.”

“அப்ப பதினொண்ணுதானா?”

“பதினொண்ணுதான். நீ சொன்னதுதான் சரி.”

ஆமை மணிகளிலிருந்து கையை எடுத்தாள். எதையும் முழுதாக எண்ணி முடிக்காமல் விடுகிற பிள்ளை இல்லை அவள்.

“உங்களுக்கு அது அப்பவே தெரியுமா டீச்சர்?”

“தெரியும்.”

“அப்ப நான் உங்களைப் பாத்தப்ப ஏன் சொல்லல?”

அக்காவாக இருந்தால் முதல் ‘பதினொண்ணு’க்கே இந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றியிருப்பாள். சின்னவளுக்கு அது தெரிந்தது. ஆமையின் மணிக்கட்டில் மேடத்தின் விரல் பதிந்த சிவப்பு இன்னும் மறையவில்லை.

“மேடம் மேல எனக்குக் கோபம்,” என்றாள். “அது ரொம்பப் பெரிசா இருந்துச்சு. அதுல உன்னைப் பாக்கல.”

ஆமை மணிகளின் பக்கம் திரும்பினாள். நூறு மணிகளையும் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் திரும்பிப் பார்ப்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை.